சல்லடை ஸ்பிரிங் ஒரே மூலையில் உடைகிறது: கம்பியை மாற்றினால் தீருமா?

கருங்கல்மேடு

அனைவருக்கும் வணக்கம். பல்லடம் பக்கத்தில் ஜல்லி கிரஷர் நடத்துகிறோம். எங்கள் அதிர்வுச் சல்லடை எட்டு ஸ்பிரிங்குகள் மேல் நிற்கிறது, மூலைக்கு இரண்டு. ஜல்லி வெளியேறும் பக்கத்தில் ஒரு மூலையில் இருக்கும் ஜோடி மட்டும் சில மாதங்களுக்கு ஒருமுறை உடைந்துவிடுகிறது. மற்ற மூன்று மூலைகளிலும் பழைய ஸ்பிரிங்குகளே ஓடுகின்றன. உடையும் இடமும் மாறுவதில்லை. அடித்தட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு சுற்று தள்ளி, கம்பி சாய்வாக அறுந்து நிற்கிறது.

செய்து கொடுப்பவர் குரோம் வனேடியம் கம்பி என்றுதான் பில் போடுகிறார். இன்னொருவர், "குரோம் சிலிக்கானுக்கு மாறுங்கள், அதுதான் கனரக வேலைக்கு" என்கிறார். விலை கணிசமாகக் கூடும். ஒவ்வொரு முறை உடையும்போதும் ஆலை நின்று, லாரிகள் வரிசையில் காத்துக் கிடக்கின்றன. விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

அளவுகள்: கம்பி 16 மி.மீ., வெளி விட்டம் 112 மி.மீ., மொத்தம் 8 சுற்று, உயரம் 220 மி.மீ.

வயர்கடை

குரோம் சிலிக்கானுக்கே என் ஓட்டு. கார் எஞ்சின் வால்வு ஸ்பிரிங்குகள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை அமுங்கி எழுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை குரோம் சிலிக்கான் கம்பிதான். இழுவலிமையில் குரோம் வனேடியத்தைவிட ஒரு படி மேல். வெப்பமும் தாங்கும்: குரோம் வனேடியம் 220 டிகிரி செல்சியஸ் வரை என்றால், இது 245 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். நல்ல கம்பிக்குக் காசு கொடுக்கத் தயங்காதீர்கள்.

சுருள்கணக்கு

வயர்கடை நண்பர் சொன்ன எண்கள் சரியானவை. ஆனால் இந்தச் சல்லடையில் வெப்பம் பிரச்சினையே இல்லை. வலிமைக் குறைவும் பிரச்சினையாகத் தெரியவில்லை. கருங்கல்மேடு அவர்களே, சல்லடைப் பெட்டியின் எடை என்ன, நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது (ஆர்.பி.எம்.), ஆட்டம் எத்தனை மி.மீ. என்று சொல்ல முடியுமா? அது தெரிந்தால் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

கருங்கல்மேடு

ஜல்லியோடு சேர்த்துச் சுமார் 2,400 கிலோ. 900 ஆர்.பி.எம். ஆட்டம் மேலிருந்து கீழ் வரை 10 மி.மீ.

எங்கள் ஃபோர்மேன் கம்பியை 18 மி.மீ. ஆக்கிவிடலாம் என்கிறார். அலாயை, அதாவது கம்பியின் உலோகக் கலவையை, மாற்றாமல் தடிமனை மட்டும் கூட்டினால் போதுமா?

சுருள்கணக்கு

நன்றி. சற்று நீளமாகவே எழுதுகிறேன், கணக்குத்தான் இங்கே பேச வேண்டும்.

முதலில் எல்லோரும் குழம்பும் ஒரு விஷயம். ஸ்பிரிங்கின் விறைப்பு எஃகின் தரத்தைப் பொறுத்தது அல்ல. விறைப்பைத் தீர்மானிப்பவை நான்கு: விறைப்புக் குணகம், கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கு, சுருளின் சராசரி விட்டத்தின் மூன்றாம் அடுக்கு, வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கை. இதில் விறைப்புக் குணகம் சாதாரணக் கார்பன் எஃகுக்கும் குரோம் வனேடியத்துக்கும் குரோம் சிலிக்கானுக்கும் ஏறத்தாழ ஒன்றே, சுமார் 79,000 மெகாபாஸ்கல். விலை உயர்ந்த கம்பி போட்டால் ஸ்பிரிங் விறைப்பாகிவிடும் என்று நினைப்பவர்கள் ஏராளம். ஆகாது. அதே அளவில் எந்தக் கம்பி போட்டாலும் அதே எடைக்கு அதே அளவுதான் அமுங்கும். தளர்ந்து குட்டையாகாமலும் உடையாமலும் எவ்வளவு சுமை வரை போகலாம் என்ற எல்லையைத்தான் அலாய் தள்ளி வைக்கிறது.

இப்போது உங்கள் ஸ்பிரிங். சராசரி விட்டம் 96, இரு முனைகளையும் கழித்தால் வேலை செய்யும் சுற்று 6. விறைப்பு மி.மீ.க்கு 122 நியூட்டன் வருகிறது. ஒரு ஸ்பிரிங்குக்கு 300 கிலோ என்றால் நிற்கும்போதே 24 மி.மீ. அமுங்கும். கம்பி வளைந்திருப்பதால் சுருளின் உள்பக்கத்தில் தகைவு (பரப்பளவுக்கு இவ்வளவு என்று விழும் விசை, அளவு மெகாபாஸ்கலில்) கூடுதலாக விழும். வெஸ்டிங்ஹவுஸில் பணியாற்றிய ஆர்தர் வால் 1929இல் வெளியிட்ட திருத்தம் அதற்காகத்தான் இன்றும் புழங்குகிறது. அதையும் சேர்த்தால் நிலைத் தகைவு 220 மெகாபாஸ்கல். ஓடும்போது அதன்மேல் கூட்டிக் கழிக்க வேண்டியது வெறும் 45. முறையாகக் கடினமாக்கிய 16 மி.மீ. அலாய் கம்பியின் இழுவலிமை 1,400, 1,500 மெகாபாஸ்கல் இருக்கும். இந்தத் தகைவில் அது உடையவே கூடாது.

900 ஆர்.பி.எம்.மில் எட்டு மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 4,32,000 முறை அமுங்குகிறது. ஒரே மாதத்தில் ஒரு கோடியைத் தாண்டிவிடும். அவ்வளவு அசைவையும் மற்ற ஆறு ஸ்பிரிங்குகள் தாங்கி நிற்கின்றன. அவையும் அதே கம்பிதானே? ஆகவே அந்த மூலையில் மட்டும் வேறு ஏதோ நடக்கிறது.

18 மி.மீ. யோசனை வேண்டாம் என்பேன். சல்லடையின் ஆட்டத்தை ஸ்பிரிங் தீர்மானிப்பதில்லை, சுழலும் எதிரெடைதான் தீர்மானிக்கிறது. தடித்த கம்பி போட்டாலும் அதே 10 மி.மீ. ஆடத்தான் போகிறது. அதே ஆட்டத்துக்குத் தடித்த கம்பியில் தகைவு கூடும். நிலைத் தகைவு 220இலிருந்து 160க்கு இறங்கும், உண்மைதான். ஆனால் ஏறி இறங்கும் தகைவு 45இலிருந்து 53 ஆகிவிடும். விரிசலை வளர்ப்பது அந்த ஏற்ற இறக்கம்தான். போதாததற்கு, அதிர்வு இன்னும் கூடுதலாகத் தூணுக்கும் கான்கிரீட்டுக்கும் இறங்கும்.

வயர்கடை

ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. அலாய் அவ்வளவு முக்கியம் இல்லை என்றால், குளிர்நிலையில் இழுத்தே வலுவேற்றிய சாதாரண ஹார்டு டிரான் கம்பியிலேயே இந்த ஸ்பிரிங்கைச் செய்துவிடலாமே? ஏன் எல்லோரும் அலாய் கேட்கிறார்கள்?

உலைமேடை

இதற்கு நான் பதில் சொல்கிறேன், இது என் அன்றாட வேலை.

இழுத்து வலுவேற்றும் கம்பி ஒரு வகை. 1854இல் பர்மிங்ஹாமில் ஜேம்ஸ் ஹார்ஸ்ஃபால் காப்புரிமை பெற்ற முறையின் வழித்தோன்றல்தான் இன்றைய பேட்டன்டட் கம்பி. சூடாக்கிய எஃகை உருகிய ஈயத் தொட்டியில் ஆற்றி, நுண்ணிய அடுக்கமைப்பை உண்டாக்கிவிட்டு, பிறகு குளிர்நிலையில் டை என்னும் அச்சுத் துளை வழியாக இழுப்பார்கள். 1866இல் அட்லாண்டிக் கடலடியில் போட்ட தந்தி கேபிளுக்குக் கவசக் கம்பி கொடுத்ததும் அவர் நிறுவனமே. நம் ஐ.எஸ். 4454 தரத்தின் முதல் பகுதியில் வருபவை இவை. வலிமை முழுவதும் இழுப்பதால் வருகிறது. 1 மி.மீ. கம்பியில் உயர்ந்த தரம் 2,200 மெகாபாஸ்கலைத் தாண்டும். அதே தரம் 10 மி.மீ.யில் 1,500ஐ ஒட்டி நின்றுவிடும், அதற்கு மேல் தடிமன் ஏற ஏற இன்னும் இறங்கும். தடித்த கம்பியை அந்த அளவுக்கு நசுக்கி இழுக்க முடியாது.

ஆகவே தடித்த கம்பியில் வலிமையை வெப்பச் சிகிச்சையால்தான் கொண்டுவர வேண்டும். சூடாக்கி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி மிதமாகச் சூடாக்கி நொறுங்கும் தன்மையைக் குறைக்க (டெம்பர் செய்ய) வேண்டும். இங்கேதான் அலாய் வருகிறது. சாதாரணக் கார்பன் எஃகு எண்ணெயில் விழுந்ததும் வெளித்தோல் கடினமாகும். நடுப்பகுதி மெதுவாக ஆறி, மென்மையாகவே தங்கிவிடும். சுமார் 1 சதவீதம் குரோமியமும் கொஞ்சம் மாங்கனீசும் இருந்தால் நடுமையம் வரை கடினமாகும். வனேடியம் 0.10 முதல் 0.25 சதவீதம்தான் சேர்க்கிறார்கள். அந்தச் சிறு அளவே உலையில் படிகத் துகள்கள் பருத்துவிடாமல் பிடித்து வைக்கிறது. துகள் நுண்மையாக இருந்தால் எஃகு முறிவுக்கு எளிதில் இடம் கொடுக்காது. சிலிக்கான் 1.2 சதவீதத்துக்கு மேல் போனால் டெம்பரில் வலிமை இறங்குவதைத் தாமதப்படுத்தும், சுமை தாங்கித் தாங்கி ஸ்பிரிங் குட்டையாவதையும் தடுக்கும். வால்வு ஸ்பிரிங்குக்குக் குரோம் சிலிக்கான் பொருந்துவது அதனால்தான்.

ஆனால் சிலிக்கான் எஃகுக்கு ஒரு பலவீனம் உண்டு. திறந்த உலையில் நேரம் கூடினால் மேற்பரப்பில் கார்பன் எரிந்துபோகும். மேல்தோல் அரை மி.மீ. கூட வேண்டாம், அதில் பாதி மென்மையாகிவிட்டாலே போதும், விரிசல் அங்கேயே தொடங்கும். முறுக்கு வாங்கும் கம்பியில் அதிகபட்சத் தகைவு மேற்பரப்பில்தான் இருக்கிறது. நடுவில் எவ்வளவு நல்ல எஃகு இருந்தாலும் அதனால் பயனில்லை. முன்பே எண்ணெயில் தோய்த்து டெம்பர் செய்த (ஆயில் டெம்பர்டு) கம்பியைக் குளிர்நிலையிலேயே சுற்றும் எந்திரங்களில் இந்த ஆபத்து குறைவு. 16 மி.மீ. என்பது அத்தகைய எந்திரங்கள் பலவற்றுக்கு எல்லைக்கோடு. அதற்கு மேல் கம்பியைப் பழுக்கக் காய்ச்சித்தான் சுற்றுகிறார்கள்.

குளிர்நிலையில் குரோம் சிலிக்கான் சுற்றினால் இன்னொரு எச்சரிக்கை. சுற்றிய ஸ்பிரிங்கை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று குவித்து வைக்கக் கூடாது. உள்ளே தேங்கிய தகைவை உடனடியாக 400 டிகிரியை ஒட்டிய உலையில் தணிக்க வேண்டும். இல்லாவிட்டால் கூடையில் கிடக்கும்போதே சில ஸ்பிரிங்குகள் தாமாக விரிசல் விடும்.

பெரம்பூர்ஃபிட்டர்

நான் ரயில் பெட்டிப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சாதாரண ஐ.சி.எஃப். பெட்டியின் அச்சுப்பெட்டிக்கு மேல் இருக்கும் ஸ்பிரிங்கின் கம்பி 33.5 மி.மீ. தடிமன் கொண்டது. அந்தத் தடிமனில் குரோம் வனேடியம் போன்ற அலாய் தவிர வேறு யோசனைக்கே இடமில்லை. அதே பெட்டி, அதே வரைபடம் என்றாலும் ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் குறித்த சுமையில் அமுக்கி, உயரம் அளந்து, ஏ, பி, சி என்று மூன்று வகையாகப் பிரித்து, மஞ்சள், நீலம், பச்சை பட்டை அடிப்பார்கள். ஒரே போகியில் (பெட்டிக்குக் கீழுள்ள சக்கரச் சட்டத்தில்) நிறம் கலக்க விடமாட்டார்கள்.

தம்பி, உங்கள் சல்லடையில் உடைந்த ஜோடியை மட்டும் புதிதாகப் போடுகிறீர்கள். புதியது உயரமாக நிற்கும், மற்ற மூலைகளில் ஓடித் தளர்ந்தவை கொஞ்சம் குட்டையாக இருக்கும். கூடுதல் சுமை புதிய ஜோடியின் தலையில் விழும். எட்டையும் கழற்றி ஒரே சுமையில் அளந்து பாருங்கள்.

அதைவிட முக்கியமானது, உடைந்த துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உடைந்த முகங்களை ஒன்றோடொன்று உரசவிடாமல் மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் ஒற்றி எடுங்கள். கம்பி பிரஷ் போடக் கூடாது. நல்ல வெயிலில் வைத்துப் பாருங்கள். விரிசல் தொடங்கிய இடத்தைச் சுற்றி வளைவு வளைவாக மெல்லிய வரிகள் தெரியும். எல்லா வரிகளும் ஒரு புள்ளியை நோக்கித்தான் திரும்பியிருக்கும். அந்தப் புள்ளியில் என்ன இருக்கிறது என்று வந்து சொல்லுங்கள். அதற்கு முன்னால் யார் சொல்லியும் கம்பியை மாற்றாதீர்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். சல்லடையில் வெல்டிங் வேலை அடிக்கடி நடக்குமா? எர்த் கிளிப்பை எங்கே மாட்டுகிறார்கள்?

கருங்கல்மேடு

ஐயா, நீங்கள் சொன்னபடியே கழுவிப் பார்த்தேன். வரிகள் தெளிவாகத் தெரிகின்றன. அவை போய்ச் சேரும் இடம் கம்பியின் உள்பக்கம் இல்லை. முதல் சுற்றும் இரண்டாம் சுற்றும் ஒன்றையொன்று தொடும் கோட்டில், கம்பியின் கீழ்ப்புறத்தில் இருக்கிறது. அங்கே கடுகளவில் ஒரு குழி, விளிம்பு உருகி நீலம் பாய்ந்திருக்கிறது. பக்கத்தில் இன்னும் இரண்டு சிறு புள்ளிகள். முந்தைய தடவை உடைந்த துண்டு கொட்டகையில் கிடந்தது, அதிலும் அதே கோட்டில் குழி இருக்கிறது.

வெல்டிங் அடிக்கடி நடக்கும். சல்லடைத் தட்டின் தாங்கிகளும் பக்கத் தகடும் தேய்ந்துகொண்டே இருக்கும், பற்றவைக்காமல் முடியாது. எர்த் கிளிப்பைக் கீழே நிலையான இரும்புத் தூணில் மாட்டுவதுதான் வழக்கம். அந்தத் தூண் இந்த மூலையின் கீழேதான் இருக்கிறது.

பெரம்பூர்ஃபிட்டர்

காரணம் கிடைத்துவிட்டது. வெல்டர் மேலே பற்றவைக்கிறார், எர்த் கீழே தூணில். ரப்பர் பட்டையும் கேன்வாஸ் மறைப்பும் மின்சாரத்தைக் கடத்தாது. நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் கீழே இறங்க ஸ்பிரிங்குதான் வழி, அதிலும் தூணுக்கு அருகிலுள்ள மூலைதான் குறுக்குவழி. சுருள் வழியே முழுக்கச் சுற்றி வராமல், முனைச் சுற்று அடுத்த சுற்றைத் தொடும் இடத்தில் தாவுகிறது. அங்கே நடுவில் தூசியும் துருவும் இருப்பதால் தீப்பொறி பறக்கும். அந்தப் பொறி போட்ட குழிதான் நீங்கள் பார்த்தது.

உலைமேடை

குழி ஏன் இவ்வளவு பெரிய சேதம் செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தீப்பொறி பட்ட இடம் ஒரு நொடிக்குள் உருகுகிறது. சுற்றியிருக்கும் குளிர்ந்த எஃகு அதன் வெப்பத்தை உடனே உறிஞ்சிவிடும். அந்த இடம் டெம்பர் ஆகாத மார்ட்டன்சைட்டாக, அதாவது மிகக் கடினமான, நொறுங்கும் எஃகு அமைப்பாக, உறைந்துபோகும். கண்ணாடித் தன்மையோடு, பெரும்பாலும் பிறக்கும்போதே நுண்விரிசலோடு இருக்கும். எந்த எஃகு நன்றாகக் கடினமாகும் என்று தேடி அலாய் வாங்குகிறோமோ, அதே குணம் இங்கே எதிராக வேலை செய்கிறது. குரோம் சிலிக்கான் போட்டிருந்தாலும் இதே கதைதான். இன்னும் வலிமை கூடிய கம்பி, வடுவுக்கு இன்னும் கூடுதலாகவே அஞ்ச வேண்டும்.

சுருள்கணக்கு நண்பர் சொன்ன 45 மெகாபாஸ்கல் என்பது வழவழப்பான மேற்பரப்புக்கு. விரிசல் ஒன்று தயாராக இருந்தால், குறைந்த தகைவிலும் நாளொன்றுக்கு நான்கு லட்சம் முறை அது அசைக்கப்படுகிறது.

சுருள்கணக்கு

அதோடு நிறுத்தும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 24 மி.மீ. நிலை அமுக்கம் உள்ள சல்லடையின் இயல்பு அதிர்வெண் (தட்டிவிட்டால் தானாக ஆடும் வேகம்) வினாடிக்கு 3.2, அதாவது 193 ஆர்.பி.எம். ஓடும்போது அதற்கு வெகு மேலே இருக்கிறீர்கள், நல்லது. மோட்டாரை அணைத்ததும் 900இலிருந்து இறங்கி வரும் வழியில் அந்த 193ஐக் கடந்துதான் ஆக வேண்டும். அப்போது பெட்டி தூக்கித் தூக்கிப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டம் பக்கத்துக்கு 20 மி.மீ. போனால் 45 என்ற தகைவு 180ஐத் தாண்டிவிடும். பாரத்தோடு நிறுத்தினால் இறக்கமும் மெதுவாகிறது, மூலைக்கு மூலை சுமையும் மாறுகிறது. கல்லை ஊட்டும் ஃபீடரை முதலில் நிறுத்தி, தட்டு காலியான பிறகு சல்லடையை நிறுத்துங்கள். முடிந்தால் மோட்டாருக்கு டி.சி. பிரேக்கிங் (நேர்மின்னோட்டம் செலுத்தி மோட்டாரைச் சட்டென நிறுத்தும் ஏற்பாடு) வையுங்கள். அந்த இடத்தை இரண்டு மூன்று குலுக்கலில் கடந்துவிடும்.

கிரஷர் தூள் சுற்றுகளுக்கிடையே இறுகிக்கொள்கிறதா என்றும் பாருங்கள். மழை பட்டால் அது கல்லாகிவிடும். ஆறு சுற்றில் இரண்டு இறுகிப்போனால் மீதி நான்குதான் வேலை செய்யும். அதே ஆட்டத்துக்குத் தகைவு ஒன்றரை மடங்கு.

வயர்கடை

சரி, கம்பி குற்றவாளி இல்லை. ஆனால் துருவையும் விட்டுவிடக் கூடாது. ஈரத் தூளில் நிற்கும் ஸ்பிரிங்கை ஜிங்க் பிளேட்டிங் செய்து வாங்கினால் என்ன?

உலைமேடை

மின்முலாம் வேண்டவே வேண்டாம். அமிலத் தொட்டியிலும் முலாம் தொட்டியிலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் நுழைகிறது. ராக்வெல் சி என்னும் கடின அளவுகோலில் 40ஐத் தாண்டிய கடினத்தில் அது தீராத ஆபத்து. சுமை ஏற்றிச் சில மணி நேரம் கழித்து, எந்த அறிகுறியும் இல்லாமல் முறிந்து விழும். முலாம் போட்ட சில மணி நேரத்துக்குள் 200 டிகிரியை ஒட்டிய அடுப்பில் பல மணி நேரம் வைத்து வெளியேற்ற வேண்டும். தெருமுனை பிளேட்டிங் கடைகளில் அதைச் செய்கிறார்களா என்று நீங்கள் போய் நின்று பார்க்க முடியாது. பாஸ்பேட் பூசி அதன்மேல் பவுடர் கோட்டிங், அல்லது மின்சாரம் இல்லாமல் தோய்த்துச் சுடும் ஜிங்க் ஃபிளேக் பூச்சு, இரண்டில் ஒன்றைக் கேளுங்கள்.

பூச்சுக்கு முன்னால் ஷாட் பீனிங் செய்யச் சொல்லுங்கள். சிறு எஃகுக் குண்டுகளை மேற்பரப்பில் பொழிந்து அமுக்கத் தகைவை உண்டாக்கும் வேலை அது. எல்லாச் செலவுகளிலும் எனக்குப் பிடித்தது இதுதான். குரோம் சிலிக்கானுக்குக் கொடுக்க இருந்த கூடுதல் பணத்தை இதற்குக் கொடுங்கள். பீனிங் முடிந்த ஸ்பிரிங்கை 230 டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது, செய்த பலன் கலைந்துவிடும். பவுடர் கோட்டிங் அடுப்பு 200 டிகிரிக்குள் இருக்குமாறு கேட்டுக்கொள்ளுங்கள்.

எம்சாண்ட்முருகு

எங்கள் ஆலையில் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ரப்பர் தாங்கி போட்டோம். சத்தம் குறைந்தது. வெல்டிங் மின்னோட்டம் போகவும் வழியில்லை. ஆனால் ரப்பர் வெயிலிலும் டீசலிலும் வெடிக்கிறது. பெரிய கல் விழும் சல்லடைக்கு நான் இரும்பு ஸ்பிரிங்கையே சொல்வேன்.

கருங்கல்மேடு

எல்லோருக்கும் பதில். உடைந்த துண்டைக் கோவையில் ஸ்பெக்ட்ரோ சோதனைக்குக் கொடுத்தேன். கார்பன் 0.51, குரோமியம் 1.02, வனேடியம் 0.14 சதவீதம். கடினம் ராக்வெல் சி 45. பில்லில் போட்ட கம்பியைத்தான் கொடுத்திருக்கிறார், அவருக்கு நன்றி சொல்லிவிட்டேன். சோதனைக்கூடத்தில், கையில் பிடிக்கும் எக்ஸ்ரே துப்பாக்கி கார்பனைக் காட்டாது என்றும், தீப்பொறி ஸ்பெக்ட்ரோவே வேண்டும் என்றும் சொன்னார்கள். மற்றவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

எட்டு ஸ்பிரிங்கும் கழற்றி அளந்தோம். பழையவை புதியதைவிட 4 முதல் 6 மி.மீ. வரை குட்டை. அதே 16 மி.மீ. குரோம் வனேடியத்தில், ஒரே தொகுப்பாகச் செய்த எட்டு ஸ்பிரிங்குகளும் அவற்றோடு இரண்டு உபரியும் கேட்டிருக்கிறேன். முழுக்க அமுக்கி எடுத்து, ஷாட் பீனிங் செய்து, பவுடர் கோட்டிங் போட்டு, 300 கிலோவில் அளந்த உயரத்தை ஒவ்வொன்றிலும் எழுதித் தர ஒப்புக்கொண்டார்.

ஒரு சந்தேகம் மீதம் இருக்கிறது. மற்ற மூலைகளில் இருந்து கழற்றிய ஸ்பிரிங்குகளில் ஒன்றிலும் சிறு பொறிப்புள்ளி தெரிகிறது. அதைக் கிரைண்டரில் தேய்த்துவிட்டு உபரியாக வைத்துக்கொள்ளலாமா?

பெரம்பூர்ஃபிட்டர்

வேண்டாம் தம்பி. புள்ளி மறையும், கீழே இருக்கும் விரிசல் மறையாது. கிரைண்டர் சூடு இன்னொரு வடுவையும் போடும். பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.

வெல்டரிடம் சொல்லி, எர்த் கிளிப்பைப் பற்றவைக்கும் தகட்டிலேயே, கைக்கெட்டும் தூரத்தில் மாட்டச் சொல்லுங்கள். தூணிலிருந்து அந்தக் கேபிளையே கழற்றி எடுத்துவிடுங்கள், அங்கே தொங்கினால் அவசரத்தில் யாராவது அதைத்தான் பிடிப்பார்கள். கூடவே பெட்டிக்கும் நிலைச் சட்டத்துக்கும் நடுவே வளையக்கூடிய பின்னல் செம்புப் பட்டை ஒன்றை நிரந்தரமாகப் போட்டு வையுங்கள். ஆட்டத்துக்கு இழுபடாத அளவு தொய்வு விட்டுப் பொருத்த வேண்டும்.

கருங்கல்மேடு

செய்கிறேன் ஐயா. செம்புப் பட்டை இன்றே வாங்கச் சொல்லியாயிற்று. தூணில் இருந்த கேபிளை அவிழ்த்துவிட்டோம்.